ஹெரால்டு வண்டியின் முன்மூடி

மோட்டார் வண்டியின் இயந்திரத்தை மூடியிருக்கும் தகட்டை நம் ஊர்ப் பட்டறைகளில் பானெட் என்று சொல்கிறார்கள். அமெரிக்கர் அதனையே ஹூட் என்பர். ஆங்கிலேயரிடம் ஹூட் என்று சொன்னாலோ, அவர் திறந்த வண்டியின் மடக்குத் துணிக்கூரையை நினைத்துக்கொள்வார். இந்தப் பெயர்க் குழப்பம் நமக்கு வேண்டாம். இப்பேச்சில் அதனை முன்மூடி என்றே அழைப்போம். பழைய வண்டி ஒன்றைச் செப்பனிட்டு மீண்டும் சாலையில் ஓடவிட விரும்புவோர்க்கு இயந்திரத்தைக் காட்டிலும் மிகுந்த தொல்லை தருவது இந்த முன்மூடிதான் என்றால் மாணவ நேயர்கள் வியப்படையலாம். இயந்திரத்தின் உறுப்புகள் அளவெடுத்துக் கடையப்பட்டவை. அவை பொருந்தும், அல்லது பொருந்தா. தகடு அப்படியன்று. அது வளையும், நீளும், துருவேறும், சற்றே இழுத்தால் இணங்கி வந்ததுபோல் காட்டிப் பின்னர் பழைய நிலைக்குத் திரும்பும்.

பொருந்தாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அழகு குன்றும், அது சிறிய குறை. மழைநீர் இடுக்கு வழியே இறங்கி மின்கம்பிகளை நனைக்கும். ஓட்டத்தில் தகடும் தகடும் உரசி வண்ணம் போய்த் துரு பிடிக்கும். கொண்டி சரியாகப் பிடிக்காத மூடி மேடுபள்ளத்தில் துள்ளும். இவற்றினும் பெரிய கேடு ஒன்றுண்டு. இரவில் எதிரே வருவோரின் கண்ணைப் பற்றியது அது. அதனைப் பின்னர்க் காண்போம்.

சென்னையின் மேற்குப் புறநகர்கள் தகட்டு வேலைக்கும் குழாய் வேலைக்கும் பெயர்பெற்ற இடங்கள். அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை தோன்றியது. ஆவடியில் 1955-இல் எஃகுக் குழாய் செய்யும் டியூப் புராடக்ட்ஸ் நிறுவனம் வந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. 1965-இன் இறுதியில் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இவற்றைச் சுற்றி எழுந்த சிறு பட்டறைகளில் மூன்று தலைமுறையாகத் தகடு தட்டுவோர் இருக்கிறார்கள். அவர்களுடைய அளவுகோலில் மில்லிமீட்டர் அண்மையில் புகுந்ததே. பழைய கணக்கு நூல் கணக்கு. ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல், அதாவது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். முன்மூடியைப் பொருத்தும் வேலை முழுவதும் இந்த ஒரு நூலுக்குள்ளும் அதன் பாதிக்குள்ளும் நடப்பதாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் வண்டியும் சென்னையில் பிறந்ததே. 1948-இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் கூட்டுறவோடு சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவப்பட்டது. அதன் தொழிற்சாலை வண்டலூரை அடுத்து இருந்தது. 1961 முதல் 1971 வரை அங்கே செய்யப்பட்டது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்னும் சிறு வண்டி. அந்த நிறுவனம் வண்டி செய்வதை 1988-இல் நிறுத்திவிட்டது. இப்போது வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை பூந்தமல்லிக்கு அருகே நசரத்பேட்டையைக் கடந்து ஆவடிப் பக்கம் நெமிலிச்சேரி வழியே போகிறது. பிறந்த இடத்திலிருந்து செப்பனிடும் இடத்துக்கு ஹெரால்டு வருவதற்கு ஒரே சாலை போதும்.

ஹெரால்டு குடும்ப வண்டியாயிற்றே, அதற்கும் பந்தய வண்டிக்கும் என்ன உறவு? நெருங்கிய உறவே. இங்கிலாந்தில் அது டிரையம்ஃப் என்னும் பெயரில் 1959-இல் வெளிவந்தது. அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் தாழ்ந்த இரண்டிருக்கை உடலை வைத்து 1962-இல் செய்யப்பட்டதே ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் வண்டி. 1966-இல் வந்த ஜி.டி.6 என்பதும் அதே குலம். மூன்றிலும் முன்மூடியின் அமைப்பு ஒன்றே. ஒன்றைப் பொருத்தத் தெரிந்தவருக்கு மற்ற இரண்டும் தெரிந்ததாகும். செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்திற்று. அங்கே நம் ஹெரால்டுகளும் ஓடியதுண்டு.

அந்த அமைப்பு எத்தகையது? மற்ற வண்டிகளில் மட்கார்டுகள் உடலோடு நிலையாக இருக்கும். அவற்றின் நடுவிலுள்ள தகடு மட்டுமே திறக்கும். ஹெரால்டிலோ இரு மட்கார்டுகளும், விளக்குகளும், மேல்தகடும் சேர்ந்து ஒரே கூடாக முன்னோக்கிக் கவிழ்கின்றன. கீல்கள் முன்பக்கம் பம்பருக்கு அருகே கீழே இருக்கின்றன. கூட்டைத் திறந்துவிட்டால் இயந்திரமும் முன்சக்கரங்களும் ஸ்டியரிங்கும் கண்முன் விரிந்து கிடக்கும். சக்கரத்தின்மேல் அமர்ந்துகொண்டே இயந்திரத்தைப் பழுதுபார்க்கலாம். எந்த மெக்கானிக்கும் இதைக் குறை கூற மாட்டார்.

இவ்வாறு செய்ததற்கு ஒரு காரணக்கதை உண்டு. ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்னும் ஆலையை 1953-இல் போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. புதிய வண்டிக்கு முழு உடற்கூடு செய்து தருவார் இல்லை. ஆதலால் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டரின் குழு தனி அடிச்சட்டம் ஒன்றை அமைத்து, உடலைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு சிறு ஆலைகளில் செய்வித்து, போல்ட்டால் முடுக்கிச் சேர்க்கும் வழியை மேற்கொண்டது. வடிவம் வரைந்தவர் இத்தாலியின் தூரின் நகரத்து ஜியோவான்னி மிக்கெலாட்டி. துண்டு துண்டாகச் சேர்த்த உடலில் ஒவ்வோர் இணைப்பும் சற்றே நகரக் கூடியது. அதனால் வண்டியைச் சீராக்கவும் முடியும், கெடுக்கவும் முடியும். ஹெரால்டின் தகடுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை என்று பிறந்த நாளிலிருந்தே ஒரு பழி உண்டு. பழியில் பாதி தொழிற்சாலைக்குரியது. மறுபாதி, பின்னர் அதைக் கழற்றிச் சேர்த்தவர்க்குரியது என்பது என் கருத்து. 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப்பின் நீண்ட முன்மூடியும் முன்னோக்கியே கவிழும். விலையுயர்ந்த அந்த வண்டியிலும் கைத்தேர்ந்த தொழிலாளர் பேக்கிங் தகடுகள் வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டியிருந்தது.

முன்கீல் மூடிக்கு ஒரு நற்குணம் உண்டு. பின்கீல் மூடி ஓட்டத்தில் திறந்துகொண்டால் காற்று அதைத் தூக்கிக் கண்ணாடியின்மேல் அறைந்துவிடும். ஓட்டுநருக்குச் சாலையே தெரியாது. அதற்காகவே அவ்வகை வண்டிகளில் இரண்டாம் கொண்டி ஒன்று வைக்கிறார்கள். முன்கீல் மூடியின் கொண்டி விட்டுப்போனாலும் எதிர்க்காற்று அதைக் கீழ்நோக்கியே அழுத்தும். ஆயினும் மூடி அதிர்ந்து உரசுவதைக் காற்று தடுக்காது.

இனி வேலைக்கு வருவோம். முன்மூடி பொருந்தவில்லை என்றதும் முன்மூடியின் போல்ட்டைத் தளர்த்துவது பலருடைய வழக்கம். இது தலைகீழான முறை. முன்மூடியின் பின்விளிம்பு கண்ணாடிக்கு அடியிலுள்ள தடுப்புத் தகட்டையும் கதவின் முன்விளிம்பையும் நோக்கி நிற்கிறது. அவையே இடம் மாறியிருந்தால் எதற்கு நேராக மூடியை வைப்பது? ஆகவே முதலில் அடிச்சட்டம், அடுத்து உடலின் பின்பகுதி, பின்னர்த் தடுப்பும் கதவுகளும், எல்லாவற்றுக்கும் இறுதியில் முன்மூடி என்பதே முறை.

அடிச்சட்டம் நேராக இருக்கிறதா என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயர்களிலும் உரிய காற்றை அடைத்துக்கொள்க. அடிச்சட்டத்தில் இடமும் வலமும் ஒத்த இரண்டு துளைகளை முன்னே தேர்ந்துகொள்க. அவ்வாறே பின்னே இரண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் சாக்கட்டியால் புள்ளி வைக்க வேண்டும். வண்டியைத் தள்ளிவிட்டால் தரையில் நான்கு புள்ளிகள் எஞ்சும். முன்-இடத்திலிருந்து பின்-வலத்துக்கும், முன்-வலத்திலிருந்து பின்-இடத்துக்கும் அளந்து பாருங்கள். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமானால் சட்டம் சாயவில்லை. சமமில்லையானால் எப்போதோ மோதலுக்கு ஆளான வண்டி அது. பள்ளியில் இணைகரத்தின் மூலைவிட்டங்களைப் பற்றிப் படித்த தேற்றம் இங்கே ஓலைக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் பயன்படுவதைக் காண்கிறோம். சட்டம் சாய்ந்திருந்தால் மூடியைத் தொடாதீர்கள். சட்டத்தை நிமிர்த்தும் பட்டறைக்கு வண்டியை அனுப்புங்கள்.

சட்டம் சரியாயின் கதவைப் பாருங்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலே அகன்று கீழே குறுகியிருந்தால், உடலின் ஒரு பகுதி அடிச்சட்டத்தின்மேல் தாழ்ந்துவிட்டது என்று பொருள். உடலுக்கும் சட்டத்துக்கும் இடையே போல்ட்டு ஒவ்வொன்றின் அடியிலும் பேக்கிங் இருக்கும். அதன் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்து உடலை ஏற்றி இறக்கலாம். பழைய வண்டியைப் பிரிக்கும்போது எந்த இடத்தில் எத்தனை பேக்கிங் இருந்தது என்று எழுதிவைப்போர் அரியர். எழுதிவைத்தவர் பின்னர் ஒரு வாரத்தை மிச்சப்படுத்துகிறார்.

கதவும் தடுப்பும் ஒழுங்கான பின்னரே முன்மூடியின் முறை. இருவர் வேண்டும், ஒரு பக்கத்துக்கு ஒருவராக. முதலில் பக்கக் கொண்டிகளை விடுவித்துவிட வேண்டும். தடுப்புத் தகட்டின்மேல் மூடியைத் தாங்கும் ரப்பர்க் கூம்புகளையும் நன்கு இறக்கிவிட வேண்டும். மூடி இப்போது தன் கீல்களை மட்டுமே நம்பி நிற்கும். அதன் இயல்பான இருக்கை அப்போதுதான் வெளிப்படும். கொண்டியைக் கொண்டு மூடியை இழுத்துப் பொருத்துவது தவறு. வந்து சேர்ந்த மூடியை அங்கேயே பிடித்துவைப்பதே கொண்டியின் கடமை. வலிந்து இழுத்த மூடி கொண்டியைத் தேய்க்கும். நாளடைவில் தகட்டிலும் கீறல் விடும்.

கீலைச் சட்டத்தோடு சேர்க்கும் இடத்தில் நீள்துளைகள் உள்ளன. நட்டைத் தளர்த்துமுன் அதன் நிலையைக் கூரிய ஊசியால் கோடிட்டுக்கொள்ளுங்கள். வழி தவறினால் திரும்பி வர அந்தக் கோடு வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு நகர்வுதான் செய்யலாம். ஏன் என்பதைக் கணக்கால் பார்ப்போம். இரு கீல்களுக்கும் இடையே 80 சென்டிமீட்டர் என்றும், கீலிலிருந்து பின்விளிம்பு வரை ஒன்றரை மீட்டர் என்றும், பின்விளிம்பின் அகலமும் ஒன்றரை மீட்டர் என்றும் கணக்குக்காகக் கொள்வோம். வலக்கீலை மட்டும் 1 மில்லிமீட்டர் முன்னே தள்ளுகிறோம். மூடி முழுவதும் 800-க்கு 1 என்ற அளவில் திரும்புகிறது. அதனால் பின்விளிம்பு வலப்பக்கமாக 1500-ஐ 800-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறத்தாழ 1.9 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அத்துடன் வலக்கோடியில் கதவுக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் அகலும். இடக்கோடியில் அரை மில்லிமீட்டர் குறுகும். கீலருகே ஊசிமுனை அளவு செய்த மாற்றம் பின்னே மூன்று வகையில் தோன்றுகிறது. இதை அறியாதவர் வலப்பக்க இடைவெளியைச் சரிசெய்ய ஒரு நட்டைத் திருகுவார், இடப்பக்கம் கெடும், அதைச் சரிசெய்ய மற்றொன்றைத் திருகுவார். பொழுது சாய்ந்துவிடும்.

ஆகவே வரிசை இதுவாகட்டும். முதலில் இரு கீல்களையும் சம அளவில் நகர்த்தி, பின்விளிம்பின் இரு கோடிகளிலும் உள்ள இடைவெளிகளின் கூட்டுத்தொகையைச் சரியாக்குக. அடுத்து ஒரு கீலை மட்டும் நகர்த்தி அந்த இரண்டையும் சமமாக்குக. அதன் பின்னும் மூடி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அதை முழுதாகப் பக்கவாட்டில் நகர்த்துக. இடைவெளி ஒன்றரை நூல், அதாவது 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, இருந்தால் அத்தகைய வண்டிக்குப் போதும். அதனினும் நெருக்க முயல்வது வீண் பெருமை. முதன்முறை மூடும்போது விளிம்புகளில் துணிநாடா ஒட்டிக்கொண்டு மெல்ல இறக்க வேண்டும். கதவின் மூலையும் மூடியின் மூலையும் மோதினால் இரண்டின் வண்ணமும் போகும். திறந்து வைத்திருக்கும்போது நிறுத்துக்கம்பி பூட்டியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே உள்ளே தலையை நீட்டுங்கள். பூந்தமல்லிச் சாலையோரத்துக் காற்றுக்கு அந்தக் கூட்டைக் கவிழ்க்கும் வலு உண்டு.

அடுத்தது உயரம். மூடியின் பின்விளிம்பு தடுப்புத் தகட்டோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இதனைக் கண்ணைவிட விரல் நன்கு அறியும். கட்டைவிரலை இடைவெளியின் குறுக்கே இழுத்தால் படி இருப்பது உடனே புலப்படும். ரப்பர்க் கூம்புகளை மறை திருகி ஏற்றும்போது இரண்டும் ஒரே நேரத்தில் மூடியைத் தொட வேண்டும். அம்பத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இதற்குச் செய்தித்தாள் துண்டைப் பயன்படுத்துவதைக் கண்டிருக்கிறேன். கூம்பின்மேல் தாளை வைத்து மூடியை மூடுவார், தாளை இழுப்பார். எளிதாக வந்தால் கூம்பு தொடவில்லை. கிழிந்தால் அழுத்தம் மிகுதி. இறுகிப் பிடித்தபடி நழுவி வந்தால் சரி. இரு பக்கமும் ஒரே தன்மையாக வரும்வரை அவர் விடுவதில்லை. கூம்புகளுக்குப் பின்னரே கொண்டிகள். ஒரு கையால் பூட்டும் இறுக்கமே போதுமானது.

வெயிலில் தகடு நீளுமே என்று பௌதிகம் படிப்போர் கேட்பர். நல்ல கேள்வி. எஃகு ஒரு டிகிரி சென்டிகிரேடு வெப்பம் ஏறும்போது தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீளும். விடியற்காலை 25 டிகிரியில் இருந்த தகடு சித்திரை வெயிலில் 65 டிகிரியை எட்டுமானால், ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு 0.7 மில்லிமீட்டர் நீளும். முழு வண்டியும் ஒருசேரச் சூடானால் எல்லாம் சேர்ந்து நீளும், இடைவெளி மாறாது. ஆனால் அடிச்சட்டம் நிழலில் இருக்கிறது, மூடி வெயிலில் இருக்கிறது. அதனால் சிறு வேறுபாடு தோன்றத்தான் செய்யும். ஒன்றரை நூல் இடைவெளி அதனைத் தாங்கிக்கொள்ளும். அரை நூலாக நெருக்கியவர்க்கு உச்சிப்பொழுதில் உரசல் கேட்கக்கூடும். நிழலில் நின்று வேலை செய்வதே தகட்டுக்கும் ஆளுக்கும் நல்லது.

பட்டியைப் பற்றி ஒரு சொல். விளிம்பு பொருந்தாத இடத்தில் பட்டி பூசித் தேய்த்து, இடைவெளி சீராக இருப்பதுபோல் காட்டிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. வண்ணம் அடித்த நாளில் அது கண்ணுக்கு இனிதாகவே இருக்கும். தகட்டைப்போல் பட்டி நீண்டு சுருங்குவதில்லை. திறந்து மூடும் அதிர்ச்சியையும் விளிம்பில் அது தாங்குவதில்லை. சில மாதங்களில் பிளவு விடும். பிளவில் மழைநீர் புகும். வண்ணத்துக்கு அடியில் துரு ஒளிந்து வளரும். வண்டலூரில் ஹெரால்டு செய்வது நின்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கெட்டுப்போன முன்மூடிக்கு மாற்று வேண்டுமானால் உடைத்துப்போட்ட மற்றொரு வண்டியைத் தேட வேண்டும், அல்லது கடல் கடந்து வரவழைக்க வேண்டும். ஒரு மூடியைப் பட்டியால் கெடுப்பது, எஞ்சியுள்ள சில வண்டிகளில் ஒன்றைக் குறைப்பதாகும். பொருத்திப் பார்ப்பது, மீண்டும் கழற்றுவது, தகட்டைத் தட்டி விளிம்பை நேராக்குவது, பின்னும் பொருத்துவது ஆகிய அனைத்தும் வண்ணத்துக்கு முன்னரே முடிந்துவிட வேண்டும்.

இப்போது விளக்குக்கு வருவோம். ஹெரால்டின் முன்விளக்குகள் மூடியிலேயே பதிந்திருப்பதைச் சொன்னேன். மூடியின் சாய்வு மாறினால் ஒளியின் சாய்வும் மாறும். ரப்பர்க் கூம்புகள் தேய்ந்தோ உதிர்ந்தோ பின்விளிம்பு 1 சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்பது 150-க்கு 1. மூடியின் முகம் அந்த அளவு மேல்நோக்கும். 30 மீட்டருக்கு அப்பால் ஒளி 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். மங்கலொளி ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று என்ற வீதத்தில் கீழ்நோக்கியிருக்குமாறு வைப்பது வழக்கம். 30 மீட்டரில் அது 30 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அந்தத் தாழ்வில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு தேய்ந்த ரப்பர் துண்டு விழுங்கிவிடுகிறது. பின்னிருக்கையில் இருவர் அமர்ந்து வண்டியின் பின்புறம் சற்றுத் தாழ்ந்தால் மிச்சமும் போய்விடும். எதிரே மிதிவண்டியில் வருபவர் சாலையின் ஓரத்தைக் காண மாட்டார். ஆகையால் மூடியின் உயரத்தை மாற்றியவர், அன்று மாலையே வண்டியைச் சுவருக்கு நேரே 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, மங்கலொளியின் மேல்விளிம்பு அக்குறிக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே விழுமாறு திருத்த வேண்டும். மூடியைப் பொருத்திய பின்னரே விளக்கு. முன்னர்ச் செய்தால் இருமுறை செய்ய நேரும்.

எல்லாம் முடிந்த பின்னும் வண்டியை உடனே உரியவரிடம் ஒப்படைத்துவிடுவதில்லை. பத்துப் பன்னிரண்டு முறை மூடியைத் திறந்து மூட வேண்டும். பிறகு மேடுபள்ளமுள்ள சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்து இடைவெளிகளை மீண்டும் அளக்க வேண்டும். புதிய பேக்கிங் அமுங்கியிருக்கும். ரப்பர் இருக்கையில் படிந்திருக்கும். நட்டு சிறிது இளகியிருக்கவும் கூடும். அவற்றை மறுபடி முடுக்கி, ஒவ்வொரு நட்டின் மேலும் அதனருகிலுள்ள தகட்டின் மேலும் சேர்ந்தாற்போல் வண்ணக்கோடு ஒன்று இழுத்துவிடுகிறார்கள். அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது அந்தக் கோடு இரண்டாக விலகியிருந்தால் நட்டு நகர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.